மணல் போட்டு மூடிய நெருப்பு

மாமல்லபுரத்தில் ஏறிய செங்கல்பட்டு பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் சவுக்குத் தோப்பு வாட்ச்மேன் என்பது பேச்சில் தெரிந்தது. மடியில் கஞ்சித் தூக்கு. மற்றவர் அவர் ஊர்க்காரர். தூங்கலாம் என்றிருந்தவனை வாட்ச்மேன் சொன்னது எழுப்பிவிட்டது.

"மண்ணு நெருப்ப அணைக்கல அண்ணாத்த. பத்தரமா மூடி வெச்சிருந்திச்சு."

"எந்த நெருப்ப?"

"தோப்புல கூடாரம் போட்ட பசங்க குளிருக்கு மூட்டுனது. கெளம்பும்போது அணைக்கத் தண்ணி கேட்டானுங்க. என் வூட்டுக்காரி ஒரு மைல் சொமந்துகினு வந்த நல்ல தண்ணி, குடுக்க மனசு வரல. மண்ணு போட்டு மூடுங்கடா, போதும்னேன்."

"எல்லாரும் அப்டித்தான செய்றோம்."

"உள்ள கங்கு சாவல. மறுநாள் அவ சருகு பெருக்கப் போனா. வெறுங்காலு. மண்ணுதானேன்னு மிதிச்சிட்டா. கங்கு செதறி சருகு புடிச்சிகிச்சு. பத்து வரிசை மரம் போச்சு."

"ஆஸ்பத்திரில இன்னா சொல்றாங்க?"

"ரெண்டு பாதமும் வெந்துபோச்சு. நடக்க நாளாவுமாம்."

வாட்ச்மேன் தூக்கின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஊர்க்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"மண்ணு போடச் சொன்னது நீதான்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. படுத்துகினு அந்தப் பசங்களத்தான் திட்டிகினு கீறா. நானும் பக்கத்துல ஒக்காந்து கூடவே திட்டறேன்."