ஒரு சொட்டும் விழவில்லை

எங்கள் வீட்டில் யாரும் தரையைத் துடைக்க மாட்டார்கள், அலம்பித்தான் விடுவார்கள். டாலிகஞ்சில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடியில் அம்மா வாளி வாளியாகக் கொட்டுவாள். கீழ் வீட்டு வங்காளிப் பெண்மணி போஸ் மாஷிமா குடையோடு வந்து சண்டை போடுவார். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும் இன்ஸ்பெக்டர் சார். தமிழிலேயே எழுது, மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். நன்றி.

நியூ டவுனில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கட்டியது மாடி வீடு. மாடித் தளம் தொழிற்சாலையில் வார்த்து வந்த கான்கிரீட் பலகைகள். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, நடுவே இருக்கும் விரல் அகல இடுக்கைக் கலவையால் நிரப்ப வேண்டும். அது இறுகியதும் மேலே தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்கக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். சொட்டினால் இடுக்கைக் கொத்தியெடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். இந்த வேலை என் பொறுப்பு.

இரண்டு முறை சொட்டியது. "கௌசிக், இந்தத் தடவையும் சொட்டினா நாளைலேர்ந்து வராதே தம்பி," என்றார் மேலதிகாரி நரேன்தா, வங்காளத்தில், சிரித்துக்கொண்டே. இதற்கு முன் இரண்டு வேலைகள் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. இரண்டாவதும் போனது. அதன் பிறகும் அப்பா ஒரு வாரம் தினமும் காலையில் என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். மூன்றாவது முறையும் அந்தச் சட்டையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதனால் யோசித்தேன். சோதனையில் பார்ப்பது கீழ்ப்பக்கத்தைத்தானே. இடுக்கைக் கீழிருந்து பட்டிப் பூச்சு வைத்து அடைத்து, வெள்ளை அடித்துவிட்டேன். தண்ணீர் தேக்கினோம். ஒரு சொட்டும் விழவில்லை. நரேன்தா என் முதுகில் தட்டினார்.

மேலிருந்து இடுக்கில் இறங்கிய தண்ணீர் எங்காவது போகத்தான் வேண்டும். மறுநாள் கூடத்துச் சுவிட்சுப் பெட்டி ஈரமாக இருந்தது. மின்விசிறிக் கொக்கியிலிருந்து வயர் இறங்கும் குழாய் வழியாக வந்திருக்கிறது. கைக்குட்டையால் துடைத்தேன். இந்த ஊரில் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் வீடு சுத்தம். மாடியில் யார் தண்ணீரைக் கொட்டப் போகிறார்கள்?

வீட்டுக்காரர்களை அன்றுவரை நான் பார்த்ததில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் காலையில் வந்தார்கள். மஹாதேவன், கிடர்பூர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாமி.

"நம்மவாளா நீ? எந்த ஊர்?"

"டாலிகஞ்ச், மாமி."

"அது இப்போ. பூர்வீகம்?"

"நன்னிலம்னு அப்பா சொல்வார்."

"அப்போ உனக்குச் சொல்ல வேண்டாம். வேலைக்கு வந்த பொண்ணு துணியால தடவிட்டுப் போறா. புது வீட்டுக்கு அது போறுமா? நாலு வாளி விட்டு அலம்பினாத்தானே வீடு!"

போதும் மாமி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார். வயதானவர் மாடிப்படி ஏற வேண்டாமே என்று வாளிகளை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

நான் கீழே வந்தபோது மஹாதேவன் மாமா வெறுங்காலோடு இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். கூடத்து மின்விசிறிக் கொக்கியில் பூச்சரம் கட்ட வேண்டுமாம். மீட்டர் இன்னும் வரவில்லை. தற்காலிகமாக இழுத்த வயரில்தான் விளக்கு எரிந்தது. மாடியில் அலம்பும் சத்தம் கேட்டது. நரேன்தா ஜன்னலோரம் ஒப்படைப்புப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்று என் வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கும் கடிதம்.

"ஏம்ப்பா கௌசிக், இதுல கரண்ட் கிரண்ட் ஒண்ணும் இல்லையே?"

நரேன்தா தலையைத் தூக்கி, என்ன கேட்கிறார் என்றார்.

"பூ கட்டப் போறாராம் நரேன்தா," என்றேன் வங்காளத்தில். பிறகு தமிழில், "தாராளமா கட்டுங்கோ மாமா."

மெயின் ஸ்விட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்தால் நரேன்தா காரணம் கேட்பார். என் கடிதத்தில் இன்னும் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அவர் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மாமாவை அல்ல. அது முடிந்ததும் அணைத்தேன். மெயினை அணைத்தது நான்தான் என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் மாமா கரண்ட் அடித்து விழுந்துவிட்டார்.

அந்தக் கூரையை நீங்களே போய்ப் பார்க்கலாம். இன்றும் ஒரு சொட்டு இல்லை.

தான் கொட்டிய தண்ணீரால்தான் இப்படி ஆயிற்று என்று மாமி அழுதுகொண்டே இருப்பதாகச் சொன்னீர்கள். துடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள் சார், அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.