வண்டி நின்ற ஐம்பது நாள்

மனைவி: கதவைத் திறக்கப் போறீங்களா, இல்ல நான் இப்படியே பலகைகிட்டப் பேசிட்டு நிக்கணுமா?

டிரைவர்: தலைவலின்னு சொன்னேன்ல. நீ சர்ச்சுக்குக் கெளம்பு.

மனைவி: ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற தலைவலி! ஈஸ்டருக்கு மறுவாரம் ஆரம்பிச்சது... இன்னையோட ஏழு.

டிரைவர்: எண்ணிக்கிட்டே இருக்கியா?

மனைவி: பின்னே? இன்னைக்கு ஐம்பதாவது நாள். பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவி எறங்கின நாள். ஞாபகம் இருக்கா?

டிரைவர்: இருக்கு. அதான் வரல. அன்னைக்கு வண்டியில வந்த அத்தனை பேரும் இன்னைக்கு இருப்பாங்க. ஈஸ்டர் ஆராதனைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பள்ளத்துல எறக்கினவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு...

மனைவி: இருக்கிற மூஞ்சியத்தான். வேற வாங்கவா முடியும்? நாய் குறுக்க வந்துச்சு, பிரேக் போட்டீங்க, ஈர ரோடு, சறுக்கிடுச்சு. பதினெட்டு பேரும் அவங்கவங்க கால்லயே மேல ஏறி வந்தோம். அந்தப் பதினெட்டுல நானும் ஒருத்தி. தெனமும் அதுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்றேன்.

டிரைவர்: டீச்சரம்மா மணிக்கட்டு உடைஞ்சுதே?

மனைவி: அது... அதை விடுங்க.

டிரைவர்: பாத்தியா. அதுக்கு மட்டும் வாய் தடுமாறுது.

மனைவி: சரி, ஒண்ணு கேக்கறேன். இயேசுவோட சீஷர்கள் எப்போ பயந்து கதவைப் பூட்டிக்கிட்டாங்க?

டிரைவர்: காலங்காத்தால சண்டே ஸ்கூல் நடத்தாத.

மனைவி: சொல்லுங்களேன்.

டிரைவர்: ...ஈஸ்டர் அன்னைக்கு.

மனைவி: ஆங்! ஐம்பதாவது நாள் காத்தும் நெருப்பும் வந்தப்போ, எந்திரிச்சு நின்னு ஊருக்கே பேசினது யாரு? பேதுரு. இயேசுவை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை சாதிச்ச ஆளு.

டிரைவர்: அவரு யாரு கையையும் உடைக்கலையே.

மனைவி: ஒருத்தன் காதையே வெட்டினாரே!

டிரைவர்: ம்க்கும்...

மனைவி: சிரிக்கிறீங்களா?

டிரைவர்: இருமல்.

டீச்சர்: நல்லா இருக்கு! மத்த பதினாறு பேரும் தெருமுனையில கால் கடுக்க நிக்கிறாங்க. இங்க புருஷனும் பொண்டாட்டியும் கதவை நடுவுல வெச்சுக் கொஞ்சிக்கிறீங்க.

டிரைவர்: டீ... டீச்சரம்மாவா?

டீச்சர்: நானேதான் தம்பி. உங்க சீட்டுக்குப் பின்னால உட்கார்ந்து, மெதுவா மெதுவான்னு உயிரை வாங்குறவ.

டிரைவர்: கை எப்படி...

டீச்சர்: கட்டுப் பிரிச்சு பத்து நாளாச்சு. இப்பத் தட்டுறேனே, கேக்குதா? அந்தக் கையாலதான்.

டிரைவர்: மன்னிச்சிருங்க டீச்சர். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு எட்டு பாக்கக்கூட...

டீச்சர்: அட, விடுங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குளம். நீங்க பள்ளத்துப் பக்கம் ஒடிச்சதாலதான் கையோட போச்சு. தெனமும் ஆண்டவருக்கு நன்றி சொல்றேன். உங்களுக்குச் சொல்லலாம்னா, ஆளு வெளிய வந்தாத்தானே?

டிரைவர்: டீச்சர்... நான்...

டீச்சர்: அழாதீங்க தம்பி.

டிரைவர்: ஆட்டோ பிடிச்சுப் போயிருங்க டீச்சர். ஸ்டீயரிங்னு நினைச்சாலே கை நடுங்குது.

டீச்சர்: நடுங்கட்டும். அப்பவாவது மெதுவா ஓட்டுவீங்க! அந்தச் சீஷருங்க மட்டும் நடுங்காமலா தெருவுக்கு வந்தாங்க? ஆவி வந்ததும் உள்ளயே உட்கார்ந்து பாடிட்டு இருந்திருந்தா, நம்ம வரைக்கும் சேதி வந்திருக்குமா?

டிரைவர்: அதில்ல... ரிப்பேர் முடிஞ்சு வண்டி ஷெட்டுல சும்மா கெடக்கு. பேட்டரி செத்திருக்கும். தள்ளினாலும் கெளம்பாது.

மனைவி: கெளம்பாதா?

டிரைவர்: எப்படிக் கெளம்பும்?

மனைவி: மெக்கானிக் இப்பத்தான் அவர்கிட்ட இருந்த மாத்துச் சாவியப் போட்டாரு. ஒரே திருகு. வண்டி தெருமுனையில நிக்குது. அவரே வாயைப் பொளந்துட்டாரு. ஆள் நடமாட்டத்துக்கு முன்னாடி நடந்துட்டு வரேன்னு தெனமும் போனீங்களே... ஷெட்டுக்குப் போயி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெக்கத்தானே?

டிரைவர்: உனக்கு... எப்படித் தெரியும்?

மனைவி: சட்டையில டீசல் வாடை. துவைக்கிறது யாரு?

டிரைவர்: அப்பவே கேட்டிருக்கலாமே.

மனைவி: கேட்டா நிறுத்திடுவீங்களோன்னு பயம். அந்த வாடை வர்ற வரைக்கும் நீங்க திரும்பி வந்துருவீங்கன்னு இருந்தேன். போதும்ங்க... தாழ்ப்பாளைத் திறங்க.

டிரைவர்: தாழ்ப்பாளே போடலம்மா. தள்ளு. இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கிட்டு, சாவியக் கையில வெச்சுக்கிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கேன். யாராவது வந்து கூப்பிட மாட்டாங்களான்னு... ஏழு ஞாயிறா.