முந்தானைக்குள் ஊருணி

“ஊருணி வந்தா, பாக்காமலே கத்துறாக்கா. எப்படித்தான் தெரியுதோ!”

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு தாய் சொன்னாள். மடியிலிருந்த ஐந்து வயது மகளைத் தலையோடு கண்ணும் மறைய முந்தானையால் மூடியிருந்தாள்.

“முன்னாடி தண்ணியில விழுந்தாளா தாயி?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“இல்லக்கா. மூத்தவன்தான் ஊருணியில முழுகிப் போனான். இவ அப்பப் பொறக்கவே இல்ல.”

ஜன்னலில் ஊருணி தெரிந்தது. குழந்தை வீறிட்டது.

“ஒங் கையப் பாரு தாயி. புள்ளைய என்ன இறுக்கு இறுக்குறே!”

தாய் திடுக்கிட்டுப் பிடியைத் தளர்த்தினாள். அடுத்த ஊருணி வருமுன்பே இரு கைகளையும் எடுத்து முன்கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

முந்தானைக்குள்ளிருந்து நடுங்கும் குரல் கேட்டது.

“கையை ஏன் எடுத்துட்டே ஆத்தா? தண்ணி வந்துருச்சா?”