இரண்டு மாவடிவிளை

ஹலோ... ஹலோ... ஆரு, சத்தியநேசன் அண்ணன்தானா? ...நான்தான், பூங்கனி. நாகர்கோவில் போஸ்டாபீசுல இருந்து பேசுதேன்... இல்ல, இல்ல, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. டிரங்கு காலுன்னு சொன்ன ஒடனே பயந்துட்டியளா... ஆமா. ஆமா. காலத்த பஸ்சுல கருங்கல்ல இருந்து வந்தேன்... தனியாத்தான். கூட வர ஆரு இருக்கா?

மயினி சொகமா? ...பிள்ளைய? ...ஆங். சரி. அண்ணே, நேரம் கொஞ்சந்தான் தருவினும். நான் சொல்லுதத மொதல்ல கேளுங்க.

நம்ம சபைக்கு நூறு வருசம் தெகையப் போவுதில்லியா. சரித்திரம் எழுதணும்னு போதகரையா என் தலையில கெட்டிட்டாரு... பின்னே, பள்ளிக்கூடம் விட்டா ஒத்தையில கெடக்கவளுக்கு வேற என்ன சோலின்னு நெனச்சிருப்பாரு. அதுக்காக மிஷன் பங்களாவுல பழைய போட்டோவ எல்லாம் பாத்தேன். அதுல நம்ம ஓலைக்கோயில் இருக்கு அண்ணே. அதுக்குப் பொறத்த ஒரு வீடு. முத்தத்துல அம்மை நிக்கா... ஆமா, நம்ம அம்மைதான். அடியில எழுதியிருக்கு, உபதேசியார் வீடு, மாவடிவிளைன்னு. அப்பாதானே அப்பம் உபதேசியார். இடுப்புல இருக்கது நான். பக்கத்துல நீங்க, கோவணத்தோட... சிரிக்கியளா. சிரிங்க. அம்மை மொகந்தான் தெளியல்ல. படம் எடுக்கச்செல தலைய அசைச்சிருக்கா. எவ்வளவு நேரம் பாத்தாலும் புகையாத்தான் இருக்கு.

ஹலோ... இருக்கியளா? ...ஆங்.

அந்த வீட்டுக்கு அடுத்தாப்புல ஒரு பெரிய பாறை தெரியுது. நான் இருக்க மாவடிவிளையில ஏது பாறை? அதுதான் வரி கெட்டுத பகுதிக் கச்சேரியில போயி, நிலம் அளந்து வரஞ்ச பழைய கண்டெழுத்துப் படத்தக் கேட்டேன். பொம்பளைக்கு எதுக்கு நிலத்துப் படம்னு அந்த ஆளு சிரிச்சான். போதகரையா சீட்டக் காட்டின பொறவுதான் விரிச்சான். அதுல மாவடிவிளை வாய்க்காலுக்கு மேக்க கெடக்கு அண்ணே, பாறைக்குளத்துக்குப் பக்கத்துல. நம்ம வீடு இருக்க எடம் வெறும் தரிசு, பேரே இல்ல.

ஆமா... அதத்தான் சொல்லுதேன். நம்ம ஆளுவ குடிமாறிப் போனா விளைப்பேரையும் கூடவே கொண்டு போறதுதானே. அப்பாவும் அந்தப் பேரையே இந்தப் புது எடத்துக்குக் கொண்டு வந்திருக்காரு. எனக்கு அப்பம் ரெண்டு வயசு, நான் என்னத்தக் கண்டேன்? வைசூரியில செத்த அம்மைய மாவடிவிளையிலேயே அடக்குனாவன்னு ஊருல எல்லாரும் சொல்லுவினும். நானும் நம்ம விளையில வடக்கு மூலையில கெடக்க கல்லத்தான் அம்மைக்க கல்லுன்னு இருந்துட்டேன்.

பழைய விளை இப்பம் ஐயப்பன் கையில இருக்கு. நேத்து போயி பாத்தேன். முழுக்க மரச்சீனிக் கெழங்கு... இல்ல, நல்ல மனுசன். எடத்தக் காட்டுங்க டீச்சரே, அதுல நான் மம்பட்டி போடமாட்டேன்னு சொன்னான். கெழங்கப் பறிச்சுட்டு தென்னங்கன்னுக்கு குழி வெட்டப் போறானாம். அதுக்கு முந்தி நீங்க வரணும் அண்ணே. அடக்குனதப் பாத்தவிய இப்பம் ஒங்களத் தவிர ஆரும் உயிரோட இல்ல. ஒரு நாளு வந்து, இந்த எடம்னு கையக் காட்டிட்டுப் போயிருங்க.

...லீவு கெடைக்காதா. ம்... ம்...

என்ன? ...பாறைக்குத் தெக்குப் பக்கம்... ரெண்டு கல்லு... சரி, சரி. இவ்வளவு வெளக்கமா இப்பமும் ஓர்மை இருக்கா? ஒம்பது வயசுல பாத்ததுலா... அப்பா கூட்டிட்டுப் போனாரா? எப்பம்? ...ஒங்க கலியாணத்துக்கு முந்தின நாளா.

...

அப்பம் ஒங்களுக்குத் தெரியும்.

...இல்ல, கோவமில்ல. சொல்லுங்க... அப்பாவுக்கு நாணக்கேடு. அம்மை கெடக்க மண்ண வித்துத்தான் ஒங்களப் படிக்க வச்சாருன்னு ஊரு அறியப்பிடாது... சரி. அப்பா போயும் காலமாச்சே. பொறவாவது சொல்லியிருக்கலாம்லா? ...என்னது? எனக்கு ஒரு ஆறுதல் இருக்கட்டும்னா?

அண்ணே, போன கிறிஸ்துமசுக்கு வந்தப்பம் அந்தக் கல்லுக்குப் பக்கத்துல நீங்களும் என்கூட நின்னு, கண்ண மூடி செபம் பண்ணினியளே.

...

ஓரோ ஞாயிறும் கோயில் விட்டு வந்தா அங்கதான் போயி இருப்பேன். எனக்கு வந்த சம்மந்தம் முறிஞ்சுதே, அத ஒங்ககிட்ட சொல்லல்ல, மயினிகிட்ட சொல்லல்ல. அங்கதான் சொன்னேன். மேலுக்கு சொகமில்லாமக் கெடந்ததச் சொன்னேன். ராத்திரி வீட்டுல சத்தமே இல்லாம பயமா இருக்குன்னு சொன்னேன்... ஆருகிட்ட அண்ணே இத்தன காலமும் பேசிட்டிருந்தேன்?



...இங்க போஸ்டுமாஸ்டர் போதும்னு கையக் காட்டுதாரு... வேண்டாம், வேண்டாம். லீவு ஒண்ணும் கேக்காண்டாம். பாறைக்குத் தெக்க, ரெண்டு கல்லு. நானே போயிக்கிடுதேன்... இன்னைக்கேதான். மொதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லணும்லா.

வைக்கேன்.