மதிப்பிற்குரிய உரிமையாளருக்கு

அன்று காலை தம்பிக்கு நகம் வெட்டிவிட்டேன். இடது கையை முடித்து வலது கைக்கு வந்தபோது, "கட்டை விரலை மட்டும் ஒட்ட வெட்டிடாதக்கா, அது ஒண்ணுதான் இன்னும் சொன்ன பேச்சு கேக்குது" என்றான். மாலை நான்கு மணிக்குப் போய்விட்டான். தசைகளை ஒவ்வொன்றாக ஓயவைத்த நோய் கடைசியில் மூச்சுக்கு வந்தது. அதில் என் தவறு ஏதும் இல்லை. நான் செய்தது வேறு.

அவனோடு சேர்ந்து 'சுரங்க விளக்கு' என்ற பழைய வீடியோ கேமைப் புதிதாக உருவாக்கிய உங்கள் நால்வருக்கும் இதை எழுதுகிறேன். பழையதை ஆட இரண்டு கையும் வேண்டும். உங்களுடையதை ஒரே பொத்தானில் ஆடலாம். முப்பத்திரண்டு கட்டங்களையும் தானே ஆடி முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. விரல்கள் போவதற்குள் வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் அதனால்தான்.

சோர்வடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். இவனோ நாளெல்லாம் கணினி முன் உட்கார்ந்திருந்தான். நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். நான் வணிகச்சின்ன வழக்கறிஞர் ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். எந்தப் பெயரின் பதிவு காலாவதியானது என்று பட்டியல் பார்ப்பது என் வேலை. ஒருநாள் அந்தப் பட்டியலில் உங்கள் விளையாட்டின் பெயர் இருந்தது. பழைய நிறுவனம் மூடிப் பல வருடமாகியும் புதுப்பிக்க ஆளில்லை. நான் காகிதத்தில் ஒரு நிறுவனம் தொடங்கி, பெயரையும் விளக்கு ஏந்தியவனின் உருவத்தையும் பதிவு செய்துகொண்டேன்.

பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தினால் வழக்கு என்று, அவனையும் சேர்த்து உங்கள் ஐவருக்கும் நோட்டீஸ் அனுப்பிய உரிமையாளர் நான்தான். ஐந்தே நாளில் நீங்கள் நால்வரும் ஒதுங்கிக்கொண்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பயப்படும்படி நோட்டீஸ் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. வேலை இருபத்தேழாம் கட்டத்தோடு நின்றது.

ஒரு மாதம் அவன் ஓய்வெடுத்தால் போதும், பிறகு அனுமதி கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உரிமையாளருக்கு அவன் கடிதம் வந்தது. மரியாதையான, சின்னக் கடிதம். விண்ணப்பத்தின் நோக்கத்தை விரிவாக எழுதவும் என்று பதில் போட்டேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் போடும் பதில்தான். அவன் மூன்று பக்கம் எழுதினான்.

வீட்டில் அவன் சாப்பாட்டுக்கு நடுவே நாலு வார்த்தை பேசினால் அதிகம். முகம் தெரியாத உரிமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் அறைக்குள் வந்தால் தூங்குவதுபோல் கிடப்பானாம். சாவுக்குப் பயமில்லை, அக்கா ஊட்டிவிடும் நாளுக்குத்தான் பயம் என்று எழுதியிருந்தான். படித்துவிட்டுப் போய் அவனுக்குக் காப்பி போட்டேன். மறுநாள் மறுப்புக் கடிதம் அனுப்பினேன். அனுமதி கொடுத்தால் கடிதம் நின்றுவிடும். பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்றான். உருவமும் எங்களுடையது என்றேன். அப்படிப் பதினொரு கடிதங்கள். ஒவ்வொரு முறையும் இதுவே கடைசி என்று நினைத்துக்கொள்வேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

பிறகு தட்டச்சு செய்ய அவனால் முடியாமல் போயிற்று. என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு லெட்டர் அடிச்சுத் தர்றியா?"

"யாருக்கு?"

"அந்தக் கல்லுளிமங்கனுக்குத்தான். ஐயாவா அம்மாவான்னு தெரியல, ரெண்டையும் போட்டுக்கோ."

அடித்தேன். கட்டை விரல் இன்னும் ஒரு மாதம் தாங்கும், அதற்குள் தயவுசெய்து சொல்லுங்கள் என்ற ஒன்றைத்தான் சொல்லச் சொன்னான்.

"வேற ஏதாவது எழுதணுமாடா?" என்று கேட்டேன்.

"எல்லாம் எழுதியாச்சுக்கா. மனசுன்னு ஒண்ணு இருந்தா குடுக்கட்டும்."

என் கையால் அடித்த அந்தக் கடிதத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. இரண்டு நாள் கழித்து வழக்கமான வார்த்தைகளில் மறுத்தேன். அதையும் நானே அவனுக்குப் படித்துக் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படித் திரும்புவதற்கும் நான்தான் உதவ வேண்டியிருந்தது. அவன் போனது அதற்குப் பதினாறாம் நாள்.

அவன் நினைவாகவாவது வேலையை முடிக்க விடுங்கள் என்று உரிமையாளருக்கு நீங்கள் நால்வரும் சேர்ந்து எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. உங்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது 'ராணுவம்' என்று சொல்வானாமே. ராணுவம் வருது, அப்புறம் பேசுறேன் என்பானாமே. எனக்குத் தெரியாது. அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

அனுமதி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் விண்ணப்பம் ஒரு பக்கம்தான் இருக்கிறது, விவரம் போதாது. அவன் என்னவெல்லாம் பேசினான் என்று நால்வரும் தனித்தனியாக, விரிவாக எழுதி அனுப்புங்கள். அவசரமில்லை. பதிவு இன்னும் ஆறு வருடத்துக்கு என்னிடம்தான் இருக்கிறது.