புதுக் கட்டில்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து காஜா பேராங் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு துணிமூட்டையும் விரித்த பேப்பரும்.

"படத்துல இருக்கிற கட்டிலு எங்க வீட்டுக்காரரோடதுதான்க்கா. படுத்திருக்கிறது அவரு இல்ல."

"அப்ப யாரு புள்ள?"

"கணக்கு எழுதுறாரே, கம்பெனி கிராணி, அவரு. ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி புதுக் கட்டில் கொடுத்துச்சில்ல, அதைப் படம் புடிக்க வந்தாங்க. இவரு ரொம்ப இருமுறாருன்னு வராந்தாவுல பாயைப் போட்டுப் படுக்க வச்சிட்டாங்க. கிராணியைப் படுக்க வச்சு, போர்வை போத்தி, சிரிக்கச் சொன்னாங்க."

எட்டிப் பார்த்தேன். படத்தின் கீழே 'நோயாளிகள் மகிழ்ச்சி' என்று போட்டிருந்தது.

"அப்புறமாச்சும் கட்டில்ல ஏத்தலையா?"

"மறுநாளு பெரிய தொரை பாக்க வராராம், விரிப்பு கலையக் கூடாதுன்னுட்டாங்க. விடியறதுக்குள்ள பாயிலேயே போயிட்டாரு."

"கண்றாவி! கிழிச்சுப் போடு அதை."

மூத்தவள் பேப்பரைப் பிடுங்கப் போனாள். இவள் விடவில்லை.

"வேணாங்க்கா. கருமாதிக்கு மாலை போட அவரு படம் ஒண்ணுகூட வீட்டுல இல்ல. இங்க பாருங்க, கதவுக்கு அந்தாண்ட பாயில ரெண்டு காலு தெரியுதில்ல? அது அவருதான்."