வெள்ளிக்கிழமை குடுத்த கார்

இல்லைப் பிள்ளை, சொல்ல மாட்டன் எண்டில்லை. பிழையாச் சொல்லிப்போடுவன் எண்டுதான் எனக்குப் பயம். நாலாம் வகுப்போட நிண்டனான். ஒரு கதையைத் துவக்கத்தில இருந்து கடைசிமட்டும் நேராச் சொல்ல எனக்கு வராது. என்ர மனுசன் யோகலிங்கம் இருக்கேக்க சொல்லுவார், தங்கம், நீ கடைக்குப் போன கதையைச் சொல்லி முடிக்கேக்க அவன் கடையைப் பூட்டிப்போட்டு வீட்ட போயிடுவான் எண்டு. அப்பிடித்தான் என்ர வாய். ஆனா இது உங்கட தம்பியின்ர விசயம். ஒரு சொல்லும் பிழைக்கக் கூடாது. கனடாவில இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது. சீனி காணுமோ? ஓம், காஸ் அடுப்புத்தான். விறகடுப்பு பின்னால கிடக்கு, இப்ப அதை மூட்டுறேல்லை. சும்மாதான். புகை எனக்கு ஒத்துக்கொள்ளுறேல்லை.

அந்தக் கார்தான், ஓம். வளவுக்குள்ள படங்கு மூடிக் கிடக்கிறது. போய்ப் பாக்கப் போறியளோ? பிறகு பாப்பம், இருங்கோ.

அது மொறிஸ் மைனர். என்ர மனுசன் உட்துறைமுக வீதியில நிண்டு ஹயர் ஓடினவர். தொண்ணூத்தொன்பதில நெஞ்சு நோ எண்டு படுத்தவர் எழும்பேல்லை. மகள் மட்டக்களப்பில கலியாணம் கட்டிப் போட்டா. எனக்கெண்டு மிஞ்சினது இந்த வீடும் காரும்தான். நான் கார் ஓட மாட்டன். அப்ப சமாதானம் எண்டு சொன்ன காலம், வெளிநாட்டில இருந்து சனம் கோணேசரைக் கும்பிட, கடலில குளிக்க எண்டு வரத் துவங்கினது. தாங்களே ஓடிப் பாக்க வேணும் எண்டு சில பேருக்கு ஆசை. அப்பிடி வந்தவைக்கு ஒரு நாள், ரெண்டு நாள் எண்டு குடுக்கத் துவங்கினன்.

சும்மா தூக்கிக் குடுக்க ஏலாது தானே. அதுக்கு ஒரு முறை வைச்சிருந்தன். முன் ரோட்டில ஸஹாப்தீன் நானாவின்ர கடை. ரைப் அடிக்கிற மிசினும் போட்டோக்கொப்பி மிசினும் வைச்சிருந்தவர். காருக்கு வாறவையின்ர பாஸ்போட்டை நான் வாங்கி வைப்பன், கார் திரும்பி வருமட்டும். நானா அதில ஒரு கொப்பி எடுத்து அவையின்ர கையில குடுப்பார். பிறகு சிங்களத்தில ஒரு கடிதம் அடிப்பார். இன்ன காரின்ர சொந்தக்காரி நான், இன்னாருக்கு இத்தனை நாளைக்கு ஓடக் குடுத்திருக்கிறன் எண்டு. கீழ நான் கையெழுத்து வைப்பன், அவர் சீல் குத்துவார். செக்பொயின்றில அதைக் காட்டினால் விடுவாங்கள். மூண்டு வருசமா ஒரு சின்னப் பிழையும் வரேல்லை.

ஓம், உங்கட தம்பி வந்த நாளைச் சொல்லத்தான் போறன். சொல்லாமல் சுத்துறன் எண்டு நினைக்காதேங்கோ.

ரெண்டாயிரத்து ஆறு, பங்குனி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. காலமை பத்தரை, பதினொண்டு இருக்கும் வந்தவர். படலையில நிண்டு அன்ரி எண்டு கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு. இஞ்ச ஆர் என்னை அன்ரி எண்டு கூப்பிடுறது? அக்கா எண்டுவினம், மாமி எண்டுவினம். பேர் றமணன் எண்டார். உப்புவெளியில பிறந்தவராம், ஏழு வயசில ஊரை விட்டதாம். புறாத்தீவுக்குப் போக வேணுமாம். நான் சொன்னன், தம்பி, பஸ்ஸில நிலாவெளிக்குப் போய் இறங்கினால் போட்காரர் கொண்டுபோய் விடுவினம், உதுக்கேன் கார் எண்டு. இல்லை அன்ரி, எங்கட அப்பா எங்களைக் காரிலதான் கொண்டு போனவர், நானும் அப்பிடி ஓடிக்கொண்டு போகவேணும் எண்டார். பின் சீற்றில இருந்த அக்கா சாம்பல்தீவுப் பாலத்தில சத்தி எடுத்தவாவாம், அந்த இடத்தையும் பாக்க வேணும் எண்டு ஒரே சிரிப்பு.

அது நீங்கள்தானே. ஓம். அழாதேங்கோ பிள்ளை. நீங்கள் அழுதால் நான் நிப்பாட்டிப்போடுவன், பிறகு எனக்குத் துவங்க வராது.

வளவுக்குள்ள ரெண்டு தரம் ஓடிப் பாத்தவர். அங்க வலப்பக்கமாம், கியரும் இல்லையாம். முன்னுக்குப் போ எண்டால் கார் பின்னுக்கு வருது. படலைக்கு நேர ஒரு மான் படுத்திருந்தது. இஞ்ச ரவுணுக்குள்ள மான் திரியிறது தெரியும் தானே, என்ர செவ்வரத்தை முழுக்க அதுகள்தான் திண்டு முடிக்குதுகள். ஹோண் அடிச்சும் எழும்பேல்லை. உங்கட தம்பி இறங்கிப் போய் அந்த மானுக்கு எக்ஸ்கியூஸ் மீ எண்டார். அது எழும்பிப் போச்சு. நாங்கள் கத்தினாலும் அசையாத மான்.

அப்பதான் நான் அந்தப் பிழையை விட்டனான்.

வெள்ளிக்கிழமை எண்டு சொன்னன் தானே. நானா ஜும்மாவுக்கு எண்டு கடையைப் பூட்டிப்போட்டார். தொழுது, சாப்பிட்டு, திறக்க ரெண்டு ரெண்டரையாகும். நான் தம்பிக்குச் சொன்னன், இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ, நானா வந்து கடிதம் அடிக்கட்டும் எண்டு. அவருக்கு அந்தரம். பிந்தினால் கடல் எழும்பிடுமாம், போட் போகாதாம். அடுத்த நாள் கொழும்புக்கு வெளிக்கிட வேணுமாம். பின்னேரம் நாலு மணிக்கு வந்திடுவன் அன்ரி, நாலு மணித்தியாலத்துக்கு என்னத்துக்குக் கடிதம் எண்டார்.

வீட்டில ஒரு பழைய கடிதம் கிடந்தது. இடைக்கிடை ஊராக்களுக்கும் கார் குடுக்கிறனான். மூதூர்ப் பக்கத்தில இருந்து கிணறு வெட்டுற வேலைக்கு வந்த ஒரு தம்பிராசா, ரெண்டு கிழமைக்கு முன்னம் கார் எடுத்தவர். அவர் திரும்பி வரேக்க கடிதத்தைக் காருக்குள்ளயே விட்டிட்டுப் போட்டார். நான் அதை எடுத்து உங்கட தம்பியின்ர கையில குடுத்தன். அதில வேற ஆளின்ர பேர் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. தெரியாது எண்டு சொன்னால் அது பொய். சீலையும் கையெழுத்தையும் தான் பாப்பாங்கள், ஆர் உள்ளுக்கு வாசிக்கிறது எண்டு நினைச்சன். ஒருக்கா ரெண்டுதரம் முந்தியும் அப்பிடிக் குடுத்துச் சரி வந்தது.

ஓம். பாஸ்போட்டையும் வாங்கினன். அது வழமை. கொப்பி எடுக்க ஆளில்லை, எண்டாலும் வாங்கினன். கை தானா நீண்டது. அவரும் தானா எடுத்துத் தந்தார். நீலக் கலர்.

எம்பசியில பாஸ்போட் இல்லை எண்டு சொன்னவையோ? ம். எங்கயும் கிடைக்கேல்லையாமோ. இருங்கோ, அதுக்கு வாறன். முறையா வர விடுங்கோ, இல்லாட்டி எனக்குக் குழம்பிடும்.

அந்த நாளில என்ன நிலைமை எண்டு நீங்கள் அங்க இருந்து பேப்பரில வாசிச்சிருப்பியள். சமாதானம் எண்ட பேர் இருந்தது, சாமான் இல்லை. அங்க வெடிச்சது, இஞ்ச சுட்டது எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு கதை. பின் வீட்டுக் குணேஸ்வரியின்ர மனுசன் மோட்டச்சைக்கிளை ஆருக்கோ ஒரு நாளைக்கு இரவல் குடுத்தவர். அது எங்கயோ குண்டு வைச்ச இடத்தில நிண்டதாம். வந்து, சும்மா விசாரிச்சிட்டு விடுறம் எண்டு கொண்டு போனாங்கள். அவள் இண்டைக்கும் பொட்டு வைச்சுக்கொண்டு படலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். அது நடந்து அப்ப ஒரு மாசம்கூட ஆகேல்லை.

உங்கட தம்பியைப் போகேக்க செக்பொயின்றில விட்டவங்கள்தான். நான் நினைச்ச மாதிரி சீலை மட்டும் பாத்திருப்பாங்கள். அவர் புறாத்தீவுக்குப் போய், குளிச்சு, எல்லாம் செய்திருக்கிறார். திரும்பி வரேக்க சாம்பல்தீவில வேற ஆக்கள் நிண்டிருக்கினம். கடிதத்தை வாசிச்சிருக்கினம். கடிதத்தில தம்பிராசா, கனடா லைசன்ஸில வேற பேர். அவர் சொல்லியிருக்கிறார், பாஸ்போட் கார்க்கார அன்ரியிட்ட இருக்கு, வாருங்கோ காட்டுறன் எண்டு.

நாலு மணிக்கு வாறன் எண்டவர், நாலு மணிக்குத்தான் வந்தவர். ஜீப்பில.

பின்னால இருத்தியிருந்தவங்கள். தோளில துவாய். தலைமயிர் உப்பில ஒட்டிப் போய்க் கிடந்தது. செருப்பில்லை, காலில மணல். என்னைக் கண்டோடன முகம் அப்பிடியே மலர்ந்து போச்சு. வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி ஒரு சிரிப்பு. அன்ரி, என்ர பாஸ்போட்டை ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ, இவை நம்பினமில்லை எண்டார். அந்தச் சிரிப்பைத்தான் பிள்ளை நான் சொல்லுறன். சத்தம் போட்டிருந்தால், அழுதிருந்தால், நான் இவ்வளவு காலத்துக்குள்ள மறந்திருப்பன்.

தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் இறங்கி வந்து கடிதத்தை நீட்டினான். இது உன்ர கையெழுத்தோ? ஆர் இந்தத் தம்பிராசா? எங்க இருக்கிறான்? இவன் ஆர்?

எனக்குத் தம்பிராசாவின்ர விலாசம் தெரியாது. அவர் நல்லவரோ கெட்டவரோ அதுவும் தெரியாது. ஓம், நான்தான் குடுத்தனான் எண்டு சொன்னால், ஏன் ஒருத்தன்ர கடிதத்தை மற்றவனுக்குக் குடுத்தனி எண்டு வரும். ஒரு பேருக்குள்ள இன்னொருத்தனை ஒளிச்சு அனுப்பினனியோ எண்டு வரும். அந்த ஜீப்பில எனக்கும் இடம் இருந்தது. நான் பாத்தனான், தம்பிக்குப் பக்கத்தில ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு இடம்.

மகளுக்காகத்தான் அப்பிடிச் செய்தன் எண்டு நான் சொல்லலாம். சனம் அப்பிடித்தான் சொல்லுறது. மகள் அங்க மட்டக்களப்பில சுகமா இருந்தவள். நான் எனக்காகத்தான்.

என்ர கையெழுத்து மாதிரித்தான் கிடக்கு, பழங்கடிதமா இருக்கும், காருக்குள்ள கிடந்திருக்கும் எண்டன். இந்தப் பொடியனைத் தெரியாது எண்டன். நான் மத்தியானம் சாப்பிட்டிட்டுக் கண்ணயர்ந்தனான், எழும்பிப் பாக்க வளவுக்குள்ள காரைக் காணேல்லை எண்டன். அது எங்க இருந்து வந்த கதை எண்டு தெரியேல்லை. முன்னால இருந்து பின்னுக்கு, ஒரு சொல் பிசகாமல் வந்தது. என்ர சீவியத்தில நான் நேராச் சொன்ன ஒரே கதை அதுதான்.

அவர் அன்ரி எண்டார் ஒருக்கா. கேள்வி கேக்கிற மாதிரி.

பொலிஸில உங்களுக்குச் சொன்னவை எண்டியளே, கார் களவெடுத்தவன் எண்டு எழுதிக் கிடக்கு எண்டு. ஆர் அப்பிடி முறைப்பாடு குடுத்தது எண்டு கேட்டுத்தானே இஞ்ச வந்தனீங்கள். அடுத்த நாள் நான்தான் போய்க் குடுத்தனான். கார் மூண்டு மாசத்தால திரும்பி வந்தது. அவரை எங்க கொண்டு போனது எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. கேக்கப் போறதுக்கு எனக்கு வாய் இல்லையே. காருக்குள்ள மணல், பிள்ளை. நான் கூட்டுறன், துடைக்கிறன், பாயைத் தூக்கி உதறுறன், அடுத்த கிழமை பாத்தால் பிறகும் மணல். மிதிக்கிற இடத்தில. அதுக்குத்தான் படங்கு போட்டு மூடினனான். மூடியும் வெள்ளிக்கிழமையில மத்தியானம் கார்க்கதவு சாத்துற சத்தம் கேக்கும். மான் முட்டுறதாக்கும் எண்டு நினைச்சுக்கொள்ளுவன்.

நானா ஒருக்காக் கேட்டவர், தங்கச்சி, அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் ஆருக்கும் கார் குடுத்தனீங்களோ எண்டு. இல்லை நானா எண்டன். என்ர முகத்தைப் பாத்தார். பிறகு கேக்கேல்லை. இப்ப கடையைப் பூட்டிப்போட்டு மகளோட கிண்ணியாவில இருக்கிறார். நீங்கள் போனால் சொல்லுவார், நான் எந்த நேரமும் பாஸ்போட் வாங்குறனான் எண்டு. அதனாலதான் நானே சொல்லிப்போடுவம் எண்டு. இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. நீங்கள் வந்து படலையில நிண்டு அன்ரி எண்டு கூப்பிட்டனீங்கள். அவ்வளவுதான்.

ஓம், பாஸ்போட் எங்க எண்டு கேளுங்கோ. அவங்கள் வந்து நிக்கேக்க அது வீட்டுக்குள்ளதான் இருந்தது. அந்த அலுமாரி லாச்சி. நான் நிண்ட இடத்தில இருந்து ஒரு ஏழெட்டு அடி. எடுத்து நீட்டியிருந்தால் முடிஞ்சிருக்கும்.

ஜீப் போட்டுது. பிறகு ஒரு நினைப்பு, திரும்பி வந்து வீட்டைக் கிளறினாங்கள் எண்டால்? லாச்சியைத் திறந்து எடுத்தன். படத்தை ஒருக்காப் பாத்தன். அதில அவர் சிரிக்கேல்லை. அது கொஞ்சம் சுகமா இருந்தது. குசினிக்குக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள வைச்சு, சிரட்டை போட்டு மூட்டினன். தாள் கெதியா எரிஞ்சது, மட்டைதான் எரியேல்லை, சுருண்டு சுருண்டு கிடந்தது. வெளியில ஆராவது பாத்தால் இந்த நேரத்தில என்னத்துக்கு வெறும் அடுப்பு எரியுது எண்டு கேப்பினம். அதால அதுக்கு மேல பானையை ஏத்தி அரிசி போட்டன். சோறு வெந்தது. வடிச்சு, கோப்பையில போட்டு, முன் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, றோட்டால போற வாற ஆக்களுக்கு நல்லாத் தெரியத்தக்கதா இருந்து, முழுக்கச் சாப்பிட்டனான்.